வேலி தாண்டும் நத்தை
(கிராமக் குழுக்களுக்கான பாடம்)

மழை தொடங்கி ஒரு வாரம் செல்வதற்குள் மரக்கறிப் பாத்திகள் வெறுமையாகிவிடுகின்றன என்ற முறைப்பாடு வத்தேகம, பன்வில, மடுல்கல பகுதிகளின் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. மாலையில் நட்ட கோவா நாற்று விடியும்போது காம்பு மட்டுமாக நிற்கின்றது. போஞ்சிக் கொடியின் அடித்தண்டில் தோல் உரிந்திருக்கின்றது. பப்பாசிக் கன்றின் குருத்தைக் காணவில்லை. பகலில் தேடினால் எதுவும் அகப்படாது. இரவு எட்டு மணிக்கு டோர்ச் வெளிச்சத்துடன் இறங்கினால், கானு ஓரத்திலும் கூட்டெருக் குவியலிலும் உள்ளங்கை நீள நத்தைகள் வரிசையாக ஊர்வதைக் காணலாம்.

லயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர்ச் நிலத்தில் மரக்கறி செய்யும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று. விதைக்கும் நாற்றுக்கும் கொடுத்த பணம் போகின்றது. சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் தள்ளிப்போகின்றது. பிள்ளைகளின் தட்டில் இருக்க வேண்டிய கீரை இல்லாமற் போகின்றது. எனவே, "நத்தைக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று மக்கள் கேட்பது இயல்பே. ஆயினும் அக்கேள்விக்கு முன்னர் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் உண்டு: எந்த நத்தை? எங்கே? எத்தனை? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் செலவின் பெரும்பகுதி குறைந்துவிடும். விடை தெரியாமல் வாங்கும் மருந்து மழையோடு கழுவுண்டு போகும்.

பெல்ஜிய நாட்டுக் குருவானவர் கார்டைன் தொழிலாள இளைஞருக்குக் கற்பித்த "பார், தீர்மானி, செயற்படு" என்ற முறை நம் குழுக்களுக்குப் பழக்கமானது. அந்த ஒழுங்கிலேயே இப்பாடத்தையும் அமைத்துள்ளோம்.

இந்த நத்தை எங்கிருந்து வந்தது?

நம் பயிரை அழிப்பது பெரும்பாலும் ஆபிரிக்கப் பெருநத்தை ஆகும். சிங்கள அயலவர் நத்தையைப் பொதுவாகக் "கொளுபெல்லா" என்பர். இதன் தாயகம் கிழக்கு ஆபிரிக்கா. அங்கிருந்து இந்து சமுத்திரத் தீவுகளுக்கு வந்து, மொரீசியசிலிருந்து 1847இல் கல்கத்தாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கொண்டுசென்றவர் நத்தைகளைப் பற்றி ஆராய்ந்த பென்சன் என்பவர். இலங்கையில் 1900ஆம் ஆண்டளவில் ஒலிவர் கொலட் என்ற தேயிலைத் தோட்டத் துரை இதனை விட்டார். அவரும் நத்தை சேகரிப்பில் ஆர்வம் கொண்டவர். பத்து ஆண்டுகள் கழிவதற்குள் அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்த எட்வர்ட் கிரீன், இந்த நத்தையின் பரவலைப் பற்றி எழுதவேண்டிய நிலை ஏற்பட்டது. ஒருவருடைய பொழுதுபோக்குக்காக வந்த உயிர், நூறு ஆண்டுக்கு மேலாக ஏழை விவசாயியின் பாத்தியில் உண்டு வாழ்கின்றது.

இது ஏன் இவ்வளவு விரைவாகப் பெருகுகின்றது? ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளன. ஆகவே இணை சேர்ந்த இரண்டுமே முட்டையிட முடியும். ஒரு முறை சேர்ந்தபின் விந்தைப் பல மாதங்கள் உடலில் வைத்திருந்து, மீண்டும் மீண்டும் முட்டையிடும். ஒரு தடவைக்கு 100 முதல் 400 வரை முட்டைகள் மண்ணுக்குள் இடப்படுகின்றன. கடுகைவிடப் பெரிய, வெளிர்மஞ்சள் நிறமான உருண்டைகள் அவை. குறுக்களவு 4 அல்லது 5 மில்லிமீற்றர் இருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். ஆறு மாதமளவில் அவையும் முட்டையிடும் பருவத்தை அடையக்கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நத்தை 200 முட்டை இடுகின்றது என்றும், அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு அழிந்துவிடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் 20 நத்தைகள் மிஞ்சும். அந்த 20உம் அடுத்த மழைக்கு அதேபோல் இட்டால் 400 ஆகும். ஆகவே மழைக்கு முன்னர், அல்லது முதல் மழையன்று, பிடிக்கப்படும் ஒரு நத்தை பின்னர் பிடிக்கவேண்டிய நூற்றுக்கணக்கானவற்றுக்குச் சமம்.

வரட்சியில் இந்த நத்தை ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் மூடிக்கொண்டு, கல் இடுக்கிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உறங்கும். "வெயிலில் எல்லாம் செத்துவிட்டன" என்று நாம் எண்ணுவது இதனால்தான். முதல் மழை மண்ணை நனைத்தவுடன் எல்லாம் ஒன்றாக எழும்பும்.

1. பார்: எந்த நத்தை?

எல்லா நத்தையும் பகையல்ல. இலங்கையில் ஏறக்குறைய 250 தரை நத்தை இனங்கள் உள்ளன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. பேராதனைப் பல்கலைக்கழகமும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் 2000ஆம் ஆண்டை ஒட்டி இணைந்து செய்த ஆய்வுகள் இந்த உண்மையை வெளிக்கொணர்ந்தன. காட்டு நத்தைகள் பாசியையும் பூஞ்சணத்தையும் உதிர்ந்த இலையையும் உண்டு மண்ணுக்கு உரம் சேர்ப்பவை. பயிரைத் தின்பவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில் அம்மலைத்தொடரும் அடங்கும்.

அடையாளம் காணும் வழி இது. ஆபிரிக்கப் பெருநத்தையின் ஓடு நீண்டு கூம்பி, நுனி கூர்மையாக இருக்கும். கபில நிறத்தில் வெளிர் வரிகள் நெடுக்காக ஓடும். நிலத்திலும் மதிலிலும் குப்பையிலும் காணப்படும். நம் நாட்டுக்கே உரிய அக்காவஸ் நத்தையின் ஓடு உருண்டு அகன்றிருக்கும். வாயின் விளிம்பு தடித்து வெளிப்புறம் மடிந்திருக்கும். பெரும்பாலும் மரத்தில் வாழும். பெருநத்தை நூற்றுக்கணக்கில் முட்டையிட, அக்காவஸ் மிகச் சில பெரிய முட்டைகளையே இடும். மரத்தில் இருக்கும் உருண்டை நத்தையை விட்டுவிடுங்கள். சந்தேகமானால் கொல்லாமல் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

ஓடில்லாத நத்தைகளும் உண்டு. குளிரான பகுதிகளில் கோவா, லீக்ஸ், சலாது இலைகளுக்கு இவற்றாலும் சேதம் வரும். இலையில் ஒழுங்கற்ற துவாரமும் அருகே காய்ந்த பளபளப்பான கோடும் இருந்தால் அது நத்தையின் வேலை. துவாரம் இருந்து கோடு இல்லாவிட்டால் புழுவாக இருக்கலாம். புழுவுக்கும் நத்தைக்கும் ஒரே மருந்து பயன்படாது.

2. பார்: எங்கே, எத்தனை?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரப் பல்கலைக்கழகமொன்றில் 2000ஆம் ஆண்டளவில் "ஸ்லக்பொட்" என்ற இயந்திரம் செய்யப்பட்டது. அது சிவப்பு வெளிச்சத்தில் கமராவால் நிலத்தைப் பார்த்து, ஓடில்லா நத்தையை மண்ணிலிருந்து வேறுபடுத்தி, நீண்ட கையால் பொறுக்கியெடுத்தது. அதே நாட்டின் ஹார்ப்பர் அடம்ஸ் பல்கலைக்கழகத்தார் நத்தைகளின் தோலுக்கடியில் மிகச் சிறிய வானொலி அடையாளங்களைப் பொருத்தி அவை போகுமிடத்தைத் தொடர்ந்தனர். நத்தைகள் வயல் முழுவதும் சமமாகப் பரவாமல், ஈரமும் மண்ணும் ஒத்துவரும் சில திட்டுகளில் கூடுகின்றன என்று அவர்கள் கண்டனர். ஆகவே முழு வயலுக்கும் மருந்திடாமல் அத்திட்டுகளை மட்டும் கவனித்தாற் போதும் என்பதே அவ்வாய்வின் நோக்கம்.

அத்தகைய இயந்திரம் நமக்கு எட்டாது. அதன் பின்னாலுள்ள அறிவு எட்டும். நத்தை ஓரிடத்தில் கூடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு டோர்ச், ஒரு கொப்பி, ஒரு கைத்தொலைபேசி.

கணக்கெடுக்கும் முறை:

(அ) உங்கள் நிலத்தை ஐந்து இடமாகப் பிரியுங்கள்: வேலியோரம், கானு, கூட்டெருக் குவியல், கல் அல்லது மதில் அடி, பாத்தியின் நடு.

(ஆ) மழை பெய்த இரவில் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், ஒவ்வொரு இடத்திலும் பத்து எட்டு நீளம், ஓர் எட்டு அகலமான கீற்றில் உள்ள நத்தைகளை எண்ணுங்கள். பெரியவை எத்தனை, விரல் நுனியளவு சிறியவை எத்தனை என்று பிரித்தெழுதுங்கள். இளம் நாற்றை அதிகம் அழிப்பவை சிறியவையே.

(இ) மூன்று இரவு இவ்வாறு செய்து, ஒவ்வோர் இடத்துக்கும் கூட்டுத்தொகை காணுங்கள்.

(ஈ) பகலில் அதே இடங்களில் மண்ணை இரண்டு மூன்று அங்குலம் கிளறி முட்டைகளைத் தேடுங்கள்.

உதாரணமாக, கூட்டெருவில் 46, கானுவில் 31, வேலியோரம் 18, மதிலடியில் 9, பாத்தி நடுவில் 4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 108. சேதம் கண்ணுக்குத் தெரிவது பாத்தியில்; நத்தை இருப்பதோ கூட்டெருவிலும் கானுவிலும். இரண்டையும் சேர்த்தால் 77, அதாவது நூற்றுக்கு எழுபதுக்கு மேல். பாத்தி முழுவதும் மருந்து தூவுபவர் அந்த 4ஐத்தான் தாக்குகின்றார்.

இளைஞர் மன்றத்துக்கு இங்கே ஒரு பணி உண்டு. கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது இடத்தின் அமைவையும் பதிவுசெய்யும் வசதி இருக்கின்றது. நத்தைக்கு அருகே ஓர் ஐந்து ரூபா நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரியும். குழுவின் வட்சப்பில் அப்படங்களைச் சேர்த்து, லயங்களும் ஓடையும் பாதையும் வரைந்த ஒரு பெரிய தாளில் புள்ளியிடுங்கள். இனத்தை அறிய உதவும் ஐநெச்சுரலிஸ்ட் என்ற இலவசச் செயலியும் உண்டு. அது சொல்லும் பெயர் சில வேளைகளில் தவறாகலாம். மேலே கூறிய அடையாளங்களோடு ஒப்பிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.

3. தீர்மானி: எவை வேண்டாம்?

வேலிக்கு அப்பால் எறிவது. இது எங்கும் காணும் பழக்கம். தோட்டத்தார் கிராமத்துப் பக்கமும், கிராமத்தார் தோட்டத்துப் பக்கமும் எறிகின்றனர். ஒரே இரவில் பல மீற்றர் ஊரக்கூடிய உயிருக்கு வேலி ஒரு தடையல்ல. எறிந்த நத்தை திரும்பி வரும். மனக்கசப்பும் கூடவே வரும்.

நிலத்தில் உப்புத் தூவுவது. நத்தை சாகும், மண்ணும் கெடும். உப்புப் பட்ட பாத்தியில் அடுத்த பயிர் வாடும்.

மருந்தை மட்டும் நம்புவது. மெட்டல்டிஹைட் கலந்த நத்தைக் குளிகை நாய்க்கும் பறவைக்கும் நஞ்சு. அதனால் பிரித்தானியாவில் 2022 மார்ச் மாத இறுதியிலிருந்து அதன் வெளிப்புறப் பாவனை தடைசெய்யப்பட்டது. அங்கு பெரும்பாலானோர் இரும்புப் பொஸ்பேற்றுக் குளிகைக்கு மாறினர். கேரளத்தில் புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்து தெளிக்கும் முறை பரப்பப்பட்டது. அதுவும் நஞ்சே, மயில்துத்தம் மீனைக் கொல்லும். நம் ஓடைகள் ஹுலு கங்கைக்கும் மகாவலிக்கும் செல்கின்றன. கீழே அந்நீரைக் குடிப்பவர்கள் இருக்கின்றார்கள். எந்த மருந்தானாலும் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன், கணக்கெடுப்பில் கண்ட திட்டுகளில் மட்டும், கடைசி வழியாகவே பயன்படுத்த வேண்டும். 2021இல் விவசாய இரசாயன இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது, கடை மருந்தை மட்டும் நம்பியிருந்தவர் பட்ட பாட்டையும் நாம் மறக்கலாகாது.

நத்தையைத் தின்னும் வேறொரு பிராணியைக் கொண்டுவருவது. ஹவாய்த் தீவுகளில் 1955இல் பெருநத்தையை ஒழிக்க, அமெரிக்காவின் ஊனுண்ணி நத்தையொன்று விடப்பட்டது. 1970களில் தாகித்தி முதலிய தீவுகளுக்கும் அது போயிற்று. பெருநத்தை ஒழியவில்லை. அத்தீவுகளுக்கே உரிய ஏறக்குறைய 60 பார்ட்டுலா மரநத்தை இனங்களில் பெரும்பாலானவை காட்டிலிருந்து மறைந்தன. நக்கிள்சுக்குக் கீழே வாழும் நாம் அந்தச் சோதனையைச் செய்யக்கூடாது.

நத்தை வளர்ப்பு வருமானத் திட்டம். அபிவிருத்திப் பணி செய்வோர் இதைக் கவனிக்கவேண்டும். 1980களின் தொடக்கத்தில் பிலிப்பைன்சில் தென் அமெரிக்கப் பொன்நத்தை, ஏழைகளுக்குப் புரதமும் வருமானமும் தரும் என்று பரப்பப்பட்டது. மக்கள் அதை விரும்பி உண்ணவில்லை. வாய்க்காலுக்குத் தப்பிய நத்தை நெல் வயல்களை அழித்தது. நல்லெண்ணத்தோடு தொடங்கிய திட்டத்தின் கடனை விவசாயிகள் இன்றுவரை கட்டுகின்றார்கள்.

4. செயற்படு: எவ்வாறு?

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று பெருநத்தைகளைக் கொண்டுவந்தான். அவை தோட்டத்தில் விடப்பட்டன. ஏழு ஆண்டில் 18,000க்கு மேல் பொறுக்க நேர்ந்தது. ஒழித்து முடிக்க ஏறக்குறைய பத்து ஆண்டும் பத்து லட்சம் டொலரும் சென்றன. 2011இல் மயாமியில் மீண்டும் கண்டார்கள். இம்முறை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களும் சேர்ந்து வீடு வீடாகத் தேடின. 160,000க்கு மேல் பிடித்தபின், 2021இல் ஒழிந்ததாக அறிவித்தனர். 2022இல் வேறொரு மாவட்டத்தில் மறுபடியும் தோன்றிற்று. பணக்கார நாட்டின் அனுபவமே இதுவென்றால், ஒரு நாள் சிரமதானத்தால் நமக்கு விடிவு வராது. முற்றாக ஒழிப்பதை நாம் இலக்காக வைக்கவில்லை. நாற்று தப்பும் அளவுக்குக் குறைத்து, அப்படியே வைத்திருப்பதே நம் இலக்கு.

நாளைத் தெரிவுசெய்தல்: ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வரும் இடைப்பருவ மழையின் முதல் மூன்று இரவுகளே சிறந்தவை. தோட்டமும் கிராமமும் ஒரே இரவுகளில் இறங்கவேண்டும். கமக்காரர் அமைப்பு, தோட்டக் குழு, விகாரை, கோவில், ஆலயம், பள்ளிவாசல் ஆகியவை சேர்ந்து ஒரு வாரத்துக்கு முன் அறிவித்தால் இது இயலும்.

பொறி: அமெரிக்க ஆய்வாளர் பப்பாசியின் மணத்தைச் செயற்கையாகச் செய்து நத்தையைப் பொறிக்கு இழுத்தனர். நமக்கு உண்மையான பப்பாசியே உண்டு. கனிந்த பப்பாசித் தோல், கோவா இலை, வெள்ளரித் துண்டு ஆகியவற்றை நனைத்த சாக்கின் கீழ் மாலையில் வையுங்கள். விடியுமுன் சாக்கைத் தூக்கிப் பொறுக்குங்கள். கணக்கெடுப்பில் அதிகம் வந்த இடத்திலேயே பொறி வைக்கவேண்டும். பிந்தினால் நத்தைகள் மறைவிடத்துக்குத் திரும்பிவிடும்.

அழித்தல்: கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து, இடுக்கியால் எடுத்து, கடும் உப்பு நீர் நிரப்பிய மூடியுள்ள வாளியில் போடுங்கள். மறுநாள், ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் ஒன்றரை அடிக்கு மேல் ஆழமான குழியில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். உப்பு நீரைப் பாத்தியில் ஊற்ற வேண்டாம். முட்டைகளை நசுக்கிவிடலாம், அல்லது கொதிநீரில் போடலாம்.

மறைவிடத்தைக் குறைத்தல்: பாத்தியைச் சுற்றி ஓரடி அகலத்துக்குப் புல் செதுக்கி, காய்ந்த சாம்பலோ மரத்தூளோ இடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். கல், பலகை, ஓட்டுக் குவியல்களைப் பாத்திக்கு அருகில் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினால், இரவில் மண் உலர்ந்திருக்கும். தவறணை நாற்றுகளைக் கால் வைத்த தட்டில் உயர்த்தி வையுங்கள்.

புதிதாக வராமல் தடுத்தல்: முட்டைகள் பூச்சாடி, கூட்டெருச் சாக்கு, லொறி மண் ஆகியவற்றோடு பயணம் செய்கின்றன. வெளியிலிருந்து வரும் மண்ணைப் பாத்தியில் கொட்டுமுன் வெயிலில் பரப்பிக் கிளறிப் பாருங்கள்.

உடல்நலத்துக்கு ஓர் எச்சரிக்கை

இந்த நத்தை, எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகளைச் சுமக்கக்கூடும். அது மனிதருக்குள் சென்றால் மூளையுறை அழற்சி உண்டாகலாம். பிள்ளைகள் வெறுங்கையால் நத்தையைத் தொட்டு விளையாட விடாதீர்கள். பொறுக்கியபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். பச்சையாக உண்ணும் வல்லாரை, சலாது போன்ற இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவுங்கள். கடுந் தலைவலி, கழுத்து விறைப்பு, காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, நத்தையைத் தொட்டதையும் சொல்லுங்கள். நத்தை பொறுக்கும் இரவில் பாம்புக்கும் அஞ்சவேண்டும். சப்பாத்தும் வெளிச்சமும் இன்றி எவரும் இறங்கலாகாது.

சிந்தனைக்கு

ஆதியாகமத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டபோது, அதைப் பண்படுத்தும் கடமையோடு காக்கும் கடமையும் அவனுக்குத் தரப்பட்டது. பாத்தியைக் காப்பது அக்கடமையில் ஒரு பாதி. மரத்திலிருக்கும் அக்காவசையும், ஓடையின் மீனையும், வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் பாத்தியையும் காப்பது மறுபாதி. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்துள்ளன என்ற இந்த உண்மையையே வலியுறுத்தியது.

குழுவில் கலந்துரையாட வினாக்கள்:

1. நம் பகுதியில் நத்தை கூடும் மூன்று இடங்கள் எவை? அவை யாருடைய பொறுப்பில் உள்ளன?

2. சென்ற பருவத்தில் நத்தை மருந்துக்கு ஒவ்வொரு குடும்பமும் செலவிட்டது எவ்வளவு? அதனால் தப்பிய நாற்று எத்தனை?

3. வேலிக்கு மறுபுறத்தாரோடு இதுபற்றிப் பேசுவதற்கு நமக்குத் தடையாக இருப்பது என்ன? முதலில் யார் போய்ப் பேசுவது?

செயற்பணி: அடுத்த கூட்டத்துக்கு முன்னர் ஐந்து குடும்பங்கள் மூன்று இரவுகள் கணக்கெடுத்து, எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதிக் கொண்டுவரவேண்டும். அவற்றில் இரண்டு குடும்பமாவது வேலிக்கு மறுபுறத்தவையாக இருக்கட்டும்.